கடலோர ஊருக்கு எந்த பேட்டரி? – வாசகர் கேள்வி பதில்

மின் வாகனங்களைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவை. எங்கே தொடங்கினாலும் எல்லாக் கடிதங்களும் பேட்டரியில்தான் வந்து நிற்கின்றன. வண்டியின் விலையில் பெரும்பங்கை அதுவே விழுங்குகிறது என்பதால் இந்தக் கவலை நியாயமானது. வெயிலும் உப்புக் காற்றும் ஐப்பசி வெள்ளமும் சேர்ந்த ஊர்களுக்கு ஏற்றபடி பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்று வர, தினமும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஆகிறது. ஒரு கடையில், ‘என்.எம்.சி. பேட்டரிதான் உயர்ந்தது, எடையும் குறைவு’ என்கிறார்கள். இன்னொரு கடையில், ‘எல்.எஃப்.பி. தீயே பிடிக்காது, மூவாயிரம் முறை சார்ஜ் செய்யலாம்’ என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
– அரசு ஊழியர், கடலூர்

பதில்: இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டும் லித்தியம் அயனி பேட்டரிகள்தாம். இரண்டிலும் எதிர்மின்முனையில் இருப்பது பெரும்பாலும் கிராஃபைட். வேறுபாடு நேர்மின்முனையில்தான் இருக்கிறது. என்.எம்.சி.யில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் சேர்ந்த ஆக்சைடு, எல்.எஃப்.பி.யில் இரும்பும் பாஸ்பேட்டும். முன்னதில் ஒரு செல்லின் மின்னழுத்தம் சுமார் 3.6 அல்லது 3.7 வோல்ட், பின்னதில் 3.2 வோல்ட். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்வியில் தேவைப்படும்.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டர் ஓட 30 வாட்-மணி மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கு நாளொன்றுக்கு 1,500 வாட்-மணி, அதாவது 1.5 யூனிட் போதும். மின் கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான் இது. நடுவழியில் தவிக்காமலிருக்க 3 யூனிட் பேட்டரி வாங்குகிறீர்கள் என்போம். என்.எம்.சி. செல்கள் கிலோவுக்கு 200 முதல் 250 வாட்-மணி வரை தாங்கும். ஆகவே செல்களின் எடை 12 முதல் 15 கிலோ. எல்.எஃப்.பி. செல்கள் கிலோவுக்கு 150 முதல் 170 வரை என்பதால் 18 முதல் 20 கிலோ. பழைய லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால் 85 கிலோ வந்துவிடும். என்.எம்.சி.க்கும் எல்.எஃப்.பி.க்கும் இடையிலான ஐந்தாறு கிலோ, உழவர் சந்தையிலிருந்து காலடியில் வைத்துக் கொண்டுவரும் ஒரு பை காய்கறியின் எடை. ஸ்கூட்டரில் அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். இருக்கைக்கு அடியில் இருக்கும் சிறிய இடத்துக்குள் அடக்க வேண்டிய தயாரிப்பாளருக்குத்தான் அது பெரிய தொல்லை. மின் ஸ்கூட்டர்களில் பலவும் இன்னும் என்.எம்.சி.யிலேயே ஓடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்து, அந்த மூவாயிரம் முறை. தினமும் பாதி பேட்டரியைச் செலவழிக்கும் நீங்கள் ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினாலும் முழுக் கணக்கில் 150 சார்ஜ்தான் ஆகிறது. ஆயிரம் முறை தாங்கும் பேட்டரியே ஆறு ஆண்டுகளைத் தாண்டிவிடும். ஆகையால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் அந்த எண் நாள் முழுதும் ஓடும் வாடகை வண்டிக்கு உயிர்நாடி. உங்களுக்கு அவ்வளவு இல்லை. உங்கள் பேட்டரியை முதுமையாக்கப் போவது, ஓடாமல் நிற்கும் நேரத்தில் அதன்மேல் விழும் வெப்பம். கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் முதல் சார்ஜிலேயே உருவாகிறது. அதுதான் செல்லைக் காக்கும் கவசம். வெப்பம் கூடக் கூட அந்தப் படலம் தடித்துக்கொண்டே போகிறது. அது தடிக்கும்போது லித்தியத்தையும் தன்னோடு கட்டிப்போட்டுவிடுவதால் கொள்ளளவு குறைகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பழைய நடைமுறை விதி. கத்திரி வெயிலில் அலுவலகத்துக்கு வெளியே தார்ச் சாலையோரம் எட்டு மணி நேரம் நிற்கும் வண்டியையும், வேப்பமர நிழலில் நிற்கும் வண்டியையும் இந்த விதியோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். முழு சார்ஜோடு வெயிலில் நிற்பது இரு வகைக்குமே கேடு, என்.எம்.சி.க்குக் கூடுதல் கேடு.

நான் எல்.எஃப்.பி. பக்கம் சாய்வதற்குக் காரணம் ஆயுளைவிடப் பாதுகாப்பே. கோளாறால் ஒரு செல் அளவுமீறிச் சூடேறும்போது என்.எம்.சி.யின் ஆக்சைடு 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சிதையத் தொடங்கி, தன்னுள் இருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. தீக்கு வேண்டிய காற்று உள்ளிருந்தே கிடைத்துவிடுவதால் அதை மூடி அணைக்க முடிவதில்லை. எல்.எஃப்.பி.யில் பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருப்பதால், அந்தப் பிணைப்பு அவ்வளவு எளிதில் விடுவதில்லை. அதற்காக ‘தீயே பிடிக்காது’ என்று ஒரு கடைக்காரர் சொல்வது தவறு. இரு முனைகளுக்கும் நடுவே லித்தியம் அயனிகளைக் கடத்தும் மின்பகுளித் திரவம் எரியக்கூடியது. கசியும் வாயு நச்சுத்தன்மை கொண்டது. ஆபத்து குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. மாடிப்படிக்குக் கீழே, வீட்டின் ஒரே வாசலை ஒட்டி வண்டியை நிறுத்தி இரவில் சார்ஜ் போடும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ இருக்கின்றன. அந்த வீடுகளை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த இரு வகைக்கும் பின்னால் நிற்பவர் ஒருவரே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில், என்.எம்.சி.க்கு முன்னோடியான கோபால்ட் ஆக்சைடு நேர்மின்முனையைக் கண்டவரும், 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இரும்பு பாஸ்பேட்டை முன்வைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் ஜான் குட்இனஃப்தான். இரும்பு பாஸ்பேட்டுக்கு வழிகோலிய ஆய்வுகளை 1980-களின் பிற்பகுதியில் அவரோடு சேர்ந்து செய்தவர், தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃப் தமது 97-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரமே.

ஆக, நீங்கள் பார்த்துவைத்த வண்டிகளில் எல்.எஃப்.பி. உள்ளதாக ஒன்று இருந்து, அது ஒரே சார்ஜில் 50 கிலோமீட்டரைப் போல இரு மடங்கு ஓடுமானால், அதையே வாங்குங்கள். என்.எம்.சி. வண்டிதான் மற்ற எல்லாவற்றிலும் பிடித்திருக்கிறது என்றாலும் அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் 2022-இல் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய பிறகு திருத்தப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிப்படி சான்று பெற்றதா என்று கேளுங்கள். ஒரு செல்லில் மூண்ட கோளாறு பெட்டி முழுவதும் பரவினால் என்ன ஆகிறது என்பதையும் அந்தத் திருத்தம் சோதனைக்குள் கொண்டுவந்தது. உத்தரவாத அட்டையில் ஆண்டு எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எத்தனை சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறேன். 12 வோல்ட் ஆசிட் பேட்டரி நான்கு வைத்திருக்கிறேன். ஒரு வருடம்கூட முழுதாக வரவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், குறைந்த விலைக்கு லித்தியம் பேட்டரி மாற்றித் தருவதாகவும், இருக்கிற சார்ஜரையே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். பெட்டியின் மேல் ‘48 வோல்ட், 13 எஸ்’ என்று இருக்கிறது. வாங்கலாமா?
– ரிக்‌ஷா ஓட்டுநர், நெல்லித்தோப்பு

பதில்: வேண்டாம் ஐயா. அந்தப் பேட்டரியையும் உங்கள் சார்ஜரையும் ஒருபோதும் சேர்த்து மாட்டாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

‘13 எஸ்’ என்றால் 13 செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். 48-ஐ 13-ஆல் வகுத்தால் 3.7 வருகிறது. ஆகவே அது என்.எம்.சி. வகையைச் சேர்ந்தது. அந்த வகைச் செல் ஒன்றை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது; மொத்தப் பெட்டிக்கும் உச்ச வரம்பு 54.6 வோல்ட். உங்கள் ஆசிட் பேட்டரி சார்ஜரோ நான்கு பேட்டரிக்கும் சேர்த்து 57.6 வோல்ட் அல்லது அதற்கும் மேலே கொண்டுபோய்த்தான் நிறுத்தும். அதை 13-ஆல் வகுத்தால் ஒரு செல்லுக்கு 4.43 வோல்ட். இந்தக் கால் வோல்ட் வித்தியாசம் கைக்குத் தெரியாது, செல்லுக்குத் தெரியும். வரம்பு மீறி ஏற்றும்போது கிராஃபைட்டுக்குள் இடமின்றி லித்தியம் உலோகமாக மேலே படிகிறது, மின்பகுளி சிதைகிறது, சூடு ஏறுகிறது. நல்ல பெட்டியாக இருந்தால் பி.எம்.எஸ். எனப்படும் கண்காணிப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். ஒவ்வோர் இரவும் அந்த ஒரே சுற்றை நம்பி நீங்கள் உறங்க வேண்டியிருக்கும்.

குறைந்த விலைப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதை நான் ஒருமுறை கண்ணால் பார்த்தேன். வாடகை வண்டி ஒன்றிலிருந்து கழற்றி வந்த பேட்டரியை ஒரு பட்டறையில் திறந்தபோது அருகில் இருந்தேன். உள்ளே நீல உறை போட்ட செல்களும் பச்சை உறை போட்ட செல்களும் கலந்து கிடந்தன. சிலவற்றின் தலையில் பழைய நிக்கல் பட்டையைப் பிய்த்தெடுத்த தழும்பு அப்படியே இருந்தது. வேறு எங்கோ உழைத்து ஓய்ந்த செல்களைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வரிசையின் தொப்பிகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது, நகப்பூச்சைப் போன்ற ஓர் இனிப்பு நெடி வந்தது. அது மின்பகுளி கசியும் நெடி. மற்ற வரிசைகள் எல்லாம் 4 வோல்ட்டை ஒட்டி இருக்க, அந்த ஒரு வரிசை மட்டும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே நின்றது. சூடேறினால் எச்சரிக்க வேண்டிய உணரியின் கம்பி எதிலும் ஒட்டாமல் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் அதுவரை குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றிருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

உங்கள் தொழிலுக்கு லித்தியம் மாற்றம் நல்லதுதான், அதில் ஐயமில்லை. 1859-இல் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஆசிட் பேட்டரி இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதை அடியோடு இறக்கி இறக்கி ஓட்டினால் விரைவில் படுத்துவிடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கில் 4.8 யூனிட் இருப்பதாகக் கணக்கு. ஆயுளைக் காக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் தொடலாம். நாள் முழுதும் ஓடும் வண்டியில் யார் பாதியோடு நிறுத்துவார்கள்? ஒரு வருடம்கூட வரவில்லை என்பதற்கு இதுவே முதற்காரணமாக இருக்கும். அதே 100 ஆம்பியர்-மணியில் எல்.எஃப்.பி. பெட்டி 5.1 யூனிட் தாங்கும், 80 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்கும் குறைவு. நூறு கிலோவைத் தாண்டிய சுமை பாதிக்கும் கீழே இறங்குவதால் அச்சும் டயரும்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

ஆகவே ‘51.2 வோல்ட், 16 எஸ்’ என்று எழுதிய, அதாவது வகுத்தால் சரியாக 3.2 வரும் எல்.எஃப்.பி. பெட்டியை, அதற்கென்றே வரும் 58.4 வோல்ட் சார்ஜரோடு, ரசீதும் எழுத்துமூல உத்தரவாதமும் தரும் இடத்தில் வாங்குங்கள். பழைய சார்ஜர் 58-ஐ ஒட்டி நிற்கிறதே என்று இதற்கும் அதையே மாட்ட வேண்டாம். ஆசிட் பேட்டரி நிறைந்த பிறகும் சில சார்ஜர்கள் விடாமல் மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கும். லித்தியத்துக்கு அது ஆகாது. கைப்பணம் போதவில்லை என்றால், சேர்த்துக்கொண்டு வாங்கும்வரை ஆசிட் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். பழையதைக் கழற்றும்போது அதன் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு, சும்மா விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்று என் மகன் சொல்கிறான். வண்டியோடு வந்த கையேட்டில் வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றச் சொல்லியிருக்கிறது. எங்கள் கார் எல்.எஃப்.பி. பேட்டரி கொண்டது. எது சரி?
– ஆசிரியை, லாஸ்பேட்டை

பதில்: கையேடே சரி. மகன் சொல்வது என்.எம்.சி.க்குப் பொருந்தும். அதில் நிறைந்த நிலையில் நெடுநேரம் வைத்திருப்பது நேர்மின்முனையை விரைவில் தளரச் செய்கிறது. எல்.எஃப்.பி.க்கு வேறொரு சிக்கல். 90 சதவீதம் இருந்தாலும் 30 சதவீதம் இருந்தாலும் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில், 3.2, 3.3 என்று நின்றுகொண்டிருக்கும். தொட்டித் தண்ணீரைக் குழாயின் வேகத்தை வைத்து அளப்பதைப் போல, மின்னழுத்தத்தை வைத்து அளவிடும் கருவிக்கு இதில் எதுவும் புலப்படாது. வெளியேறிய மின்சாரத்தை எண்ணி எண்ணித்தான் அது சதவீதம் காட்டுகிறது. எண்ணும் பிழை நாளடைவில் கூடுகிறது. முழுதாக ஏற்றும்போதுதான் மின்னழுத்தம் சட்டென்று எழும். அந்தப் புள்ளியில் கருவி தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது, செல்களும் ஒன்றுக்கொன்று சமனாகின்றன. இதைச் செய்யாமல் விட்டால், 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் திடீரென்று நின்றுபோகக்கூடும். முழுதாக ஏற்றுவதை மறுநாள் காலை புறப்படுவதற்குச் சற்று முன் முடியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த பேட்டரியோடு இரண்டு வாரம் ஊருக்குப் போகாதீர்கள்.

கேள்வி: சோடியம் அயனி பேட்டரி வந்தால் விலை பாதியாகிவிடும் என்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றனவே?
– கல்லூரி மாணவர், புதுச்சேரி

பதில்: உப்பளத்தைப் பார்த்து உங்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியதே மகிழ்ச்சி. சோடியம் எங்கும் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் பேட்டரியின் விலையில் லித்தியம் ஒரு பகுதிதான். உப்பையும் அப்படியே கொட்ட முடியாது, சோடா உப்பாகவும் பிற சேர்மங்களாகவும் மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். சோடியத்தின் உண்மையான அனுகூலம் வேறிடத்தில் இருக்கிறது. லித்தியம் செல்லின் எதிர்மின்முனையில் தாமிரத் தகடு வேண்டும்; சோடியத்துக்கு இருபுறமும் அலுமினியமே போதும். நிக்கலும் கோபால்ட்டும் இல்லாமலே செய்யலாம். முற்றிலும் வெறுமையாக, சுழிய வோல்ட்டில் வைத்து லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்பதால் வழியில் தீ பற்றும் அச்சமும் குறைகிறது.

குறையும் உண்டு. சோடியம் அயனி பெரியது, லித்தியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது, கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் சரியாக நுழைவதில்லை. அதனால் கடினக் கார்பன் என்ற வேறு பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதைத் தேங்காய் ஓட்டுக் கரியிலிருந்தும் செய்ய முடியும் என்பது நம் பக்கத்து மாணவர் மனத்தில் பதிய வேண்டிய செய்தி. சீனாவின் பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். 2021-இல் அறிவித்த முதல் தலைமுறைச் செல் கிலோவுக்கு 160 வாட்-மணி, அதாவது எல்.எஃப்.பி.யை எட்டிப் பிடிக்கும் அளவு. 2022-க்குப் பிறகு லித்தியத்தின் விலை சரிந்துவிட்டதால் சோடியத்தின் விலை அனுகூலமும் சுருங்கிவிட்டது. கடுங்குளிரில் நன்றாக வேலை செய்வது அதன் பெரிய பெருமை. அது கடலூருக்குத் தேவைப்படாது. வீட்டு இன்வெர்ட்டர், சூரிய மின்சாரச் சேமிப்பு, குறைந்த தொலைவு ஓடும் மூன்று சக்கர வண்டி ஆகியவற்றில்தான் அது முதலில் நமக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இத்துறையில் ஆர்வமிருந்தால் காரைக்குடி சிக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை, மனத்தில் வையுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த நிறுவனத்தில் லித்தியம், சோடியம் இரண்டிலும் ஆய்வு நடக்கிறது.

கேள்வி: திடநிலை பேட்டரி வரும்வரை கார் வாங்காமல் காத்திருக்கலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: வேண்டாம். திரவ மின்பகுளிக்குப் பதில் திடப்பொருளை வைக்கும் அந்தத் தொழில்நுட்பம் ஆய்வுக்கூடத்தில் நன்றாக இருக்கிறது. நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் கடைக்கு வருவது வேறு செய்தி. இப்போது தேவையென்றால் இப்போதே வாங்குங்கள்.

கேள்வி: 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் மின் ஸ்கூட்டர் மிதிப்பலகைக்கு மேல் தண்ணீரில் ஒரு நாள் முழுவதும் நின்றது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சார்ஜ் போட்டோம், இன்றும் ஓடுகிறது. அடுத்த மழைக்கும் அப்படியே செய்யலாம் அல்லவா?
– இல்லத்தரசி, தேவனாம்பட்டினம்

பதில்: அம்மா, ஒருமுறை ஒன்றும் ஆகாமல் போனதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். பேட்டரிப் பெட்டியில் ஐ.பி. 67 என்று எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் நீர் புகாது என்பது அதன் பொருள். உங்கள் வண்டி நின்றதோ ஒரு நாள். மேலும் அந்தச் சோதனையைப் புதிய பெட்டியில், நல்ல தண்ணீரில் செய்கிறார்கள். உப்புக் காற்றில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த ரப்பர் வளையமும், பச்சை பூத்த இணைப்பு முனையும் அவ்வளவு தாங்கும் என்று எண்ண இயலாது.

உங்கள் ஊரில் ஆற்று நீரோடு கடல் நீரும் ஏறி வருவது இன்னும் கவலைக்குரியது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வற்றிய பிறகும் உப்பு படிந்து, செல்களுக்கு நடுவே மின்சாரம் கசிய வழி உண்டாக்கும். 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயான் புயலின்போது கடல் நீரில் மூழ்கிய மின் கார்கள் சில, தண்ணீர் வடிந்து பல நாள் கழித்துத் தாமாகத் தீப்பற்றின. மேலே காய்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே காய்ந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது என்பதை அவை காட்டின. பேட்டரி எந்த வகையாக இருந்தாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

ஆகவே தண்ணீர் பேட்டரி மட்டத்துக்கு ஏறிவிட்டால் வண்டியை இயக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து 50 அடி தள்ளி, திறந்த இடத்தில் நிறுத்தச் சொல்வது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. நம் தெருக்களில் அவ்வளவு இடம் இராது என்பதால், கிடைக்கும் அளவு தள்ளி, ஜன்னலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் எட்டாத இடமாகப் பாருங்கள். நிறுவனத்தின் சேவை மையத்தில் மின்சாரம் வெளியே கசிகிறதா என்று காட்டும் மின்காப்புத் தடையை அளந்து, பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே மீண்டும் சார்ஜ் ஏற்ற வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் வண்டிக்கும் அந்தப் பரிசோதனை இன்னும் பாக்கி இருக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் அதை முடித்துவிடுங்கள், அதுவரை இரவில் எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் போடாமல், யாராவது விழித்திருக்கும் பகலில் போடுங்கள்.